எழுநூறு வருசம் வாழுகிறவருக்கு

தென்காசி,
புதன்கிழமை, சாரல் விடாத மத்தியானம்.

அன்பிற்குரிய மச்சான் முகம்மது சலீம் அவர்களுக்கு, தங்கள் மனைவி சுல்தான் பீவி ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கே நானும், ஹாஸ்டலில் நம் மகள் சஃப்ரினும், மோட்டார் மாற்றிய பிறகு மேல்தொட்டியும் நலமாக இருக்கிறோம். அங்கே தம்மாமில் தாங்களும், அறையில் உடனிருக்கும் அனைவரும் உடல் நலத்தோடும், குறித்த நேரத்தில் சம்பளத்தோடும் இருக்க துஆ செய்கிறேன்.

நேற்றுத்தானே ஃபோனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நேற்று நாம் பேசியதை எட்டுப் பேர் கேட்டார்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாலும் நீங்கள் அதை ஸ்பீக்கரில் வைத்துத்தான் கேட்பீர்கள். போன மாசம் உங்களுக்கு மட்டும் என்று சொல்லி நான் ஒன்று அனுப்ப, அதற்குப் பக்கத்துக் கட்டில் அய்யாக்குட்டி அண்ணாச்சி, “சரிம்மா, அவன் குளிக்கப் போயிருக்கான், வந்ததும் சொல்லுதேன்” என்று பதில் போட்டிருந்தார். அதிலிருந்து அவர் குரலைக் கேட்டாலே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பாவூர்சத்திரம் பெலிக்ஸ் லீவு முடிந்து இன்று சாயங்காலம் தம்மாமுக்குக் கிளம்புகிறான். உங்களுக்கு மிக்சரும் கருவாட்டுப் பொடியும் அவன் கையில் கொடுத்து விடுகிறேன், கூடவே இதையும். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கவும். கதவு இல்லையென்றால் பாத்ரூமில் வைத்துப் படிக்கவும்.

விஷயம், உங்க அக்கா மகள் அதீபா நடத்துகிற வெள்ளிக்கிழமை விளையாட்டைப் பற்றியது. அதை ஆரம்பித்ததே நமக்காகத்தான். “மாமி, நீங்களும் மாமாவும் வாரம் ஒரு மணி நேரம் பேசுதீங்க. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்கன வெயிலா, இங்கன சாரல், இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. நான் ஒரு கதை சொல்லுதேன், நீங்க அதுக்குள்ள போங்க” என்றாள். அவள் கதை சொல்ல, நாம் அந்தக் கதைக்குள்ளே என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு தாயக்கட்டை சொல்லும். காலேஜ் பிள்ளைகள் விளையாட்டை நாற்பது தாண்டினவள் விளையாடுவதா என்று யோசித்தேன். சாப்பிட்டியா சாப்பிட்டேனுக்கு இது மேல் என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் ஸ்பீக்கரில் அந்தப் பிள்ளை வாயைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, “சொல்லுங்க, நீங்க ஒவ்வொருத்தரும் என்ன ஆளு?”

மச்சான், உங்க அறை அப்படி அமைதியாகி நான் கேட்டதே இல்லை. ஏ.சி. சத்தம் மட்டும் வந்தது. நம்ம மாவட்டத்தில் அந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, யார் வீட்டுப் பக்கம் என்று கேட்டு, சுற்றி வளைத்து வந்து சாதியைத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு காபி சாப்பிடுறீங்களா என்பார்கள். இவள் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டாள். அய்யாக்குட்டி அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, “தாயி, இந்த ரூமுல நாங்க எட்டுப் பேரும் ஒரே சட்டியிலதான் சோறு திங்கோம். இத்தனை வருசத்துல ஒருத்தனும் அதைக் கேட்டது கெடையாது. நீ படிச்ச பிள்ள” என்றார். பாவம், அதீபாவுக்கு என்ன தப்பு செய்தோம் என்றே தெரியவில்லை. “அண்ணாச்சி, எல்ஃபா, குள்ளரா, மனுசரான்னுதான் கேட்டேன்” என்று அழாத குறையாகச் சொன்னாள். எட்டுப் பேரும் ஒன்றாக மூச்சு விட்டது இங்கே கேட்டது. கட்டிலுக்கு வெளியே கால் நீட்டித் தூங்குகிற அந்த ஆறடி அண்ணாச்சி சந்தோஷத்தில், “அப்ப என்னைக் குள்ளன்னு போடு தாயி” என்றார். அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டு இனம் என்று சொல்லுகிறாள்.

குள்ளருக்குப் பிறப்பிலேயே பலமாம், விஷம் ஏறாதாம். “அப்ப மெஸ் சாப்பாட்டுக்கு நான்தான் சரியான ஆளு” என்று அவர் சொன்னதை உங்க அறையில் இன்னும் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்வி. என்னைக் கேட்டதும் மனுசி என்றேன். வேறு என்ன சொல்ல. மனுசிக்கு எல்லாவற்றிலும் ஒரே ஒரு மார்க், மளிகைக் கடையில் மிச்சத்துக்கு மிட்டாய் கொடுப்பது போல. நீங்கள் மட்டும் இங்கிலீஷ் கதைகளில் வருகிற காது நீண்ட எல்ஃப். எல்ஃபுக்குத் தூக்கம் தேவையில்லை, இருட்டில் கண் தெரியும், பேசினால் எதிரே நிற்பவர் மயங்குவார், எழுநூறு வருசம் ஆயுசு. இவ்வளவும் பிறந்த ஒரே காரணத்துக்காக.

இருட்டில் கண் தெரியுமாம். கல்யாணம் ஆன வருசம் ஐந்தருவியில் உங்கள் மூக்குக்கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு ஆம்பளைகள் பக்கம் குளிக்கப் போனீர்கள். ஈரத்தோடு வந்து, பட்டப்பகலில், நான் நின்ற இடத்தைத் தாண்டிப் போய், யாரோ ஒரு இலஞ்சிக் குடும்பத்தில் உட்கார்ந்து அவர்கள் தட்டில் இருந்த பலாச்சுளையை எடுத்து வாயில் போட்டுவிட்டு, “துண்டைத் தா புள்ள” என்று அந்த வீட்டு ஆச்சியிடம் கையை நீட்டினீர்கள். அந்த ஆச்சியும் கொடுத்தாள். நான் சாரலில் நின்று சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போனேன். அப்படிப்பட்ட உங்களுக்குத்தான் அதீபா இருட்டில் அறுபது அடி தூரம் கண் தெரியும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

ஆனாலும் அந்தக் குகைக் கட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. அருவிக்குப் பின்னாலே குகை, ஒரே இருட்டு, மனுசிக்கு ஒன்றும் தெரியாது என்று அதீபா சொன்னாள். நீங்க அங்கே இருந்து, “நான் முன்னால போறேன். நீ என் கையைப் பிடிச்சுக்கோ, விடாத” என்றீங்க. விளையாட்டுதான். எனக்குத் தெரியாதா. நான் அடுப்படியில் ஒரு கையில் ஃபோனை வைத்துக்கொண்டு நின்றேன். இன்னொரு கையை என்ன செய்வதென்று தெரியாமல் மேடையைப் பிடித்துக்கொண்டேன். அன்று பூரா எனக்கு வேலையே ஓடவில்லை. உங்க கை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், உள்ளங்கை ஞாபகம் வருது, விரல் ஞாபகம் வரல. அதை நினைச்சுத்தான் அழுதேன்.

அடுத்த வாரம்தான் சண்டை. கோட்டை வாசலில் காவலாளி. அவனைப் பேசி வழிக்குக் கொண்டு வரணும். நான் அவனிடம், “தம்பி, உன் வீட்டுலயும் ஒருத்தி சோத்தை மூடி வச்சுக்கிட்டு வாசலைப் பார்த்து உக்காந்திருப்பா. எங்களையும் அப்படி ஒரு எடத்துக்குத்தான் விடச் சொல்லுதேன்” என்றேன். அதீபாவுக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் கட்டையில் வந்ததோடு மனுசிக்கு உள்ள ஒரு மார்க்கைக் கூட்டினாலும் பற்றவில்லை என்று சொல்லிவிட்டாள். நீங்க, “அண்ணே, கதவத் தெறங்க” என்று மூன்றே வார்த்தை சொன்னீங்க, எல்ஃப் மார்க்கில் கதவு திறந்துவிட்டது. தம்மாமில் நீங்க உருட்டுகிற கட்டையை யார் பார்க்கிறார்கள் என்பது தனி விஷயம். சாரல் நேரத்தில் லைன்மேனைப் பேசிக் கூட்டிவந்து கரண்ட் போடச் சொன்னவள் நான். இடமே இல்லை என்ற ஹாஸ்டலில் பேசிப் பேசி சஃப்ரினுக்குக் கட்டில் வாங்கினவள் நான். நான் பேசி வழிக்குக் கொண்டு வர முடியாத ஆள் உலகத்தில் ஒருத்தர்தான், அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும்.

அன்று எனக்காகப் பேசியது அய்யாக்குட்டி அண்ணாச்சிதான். “பொறக்கும்போதே இவனுக்கு இவ்வளவு, அவனுக்கு இவ்வளவுன்னு எழுதி வைக்கதுக்கு இம்புட்டுத் தூரம் கதை கட்டணுமா தாயி? அதைத்தான் நாங்க ஊருலயே பாத்துட்டு வந்திருக்கோமே” என்றார். அதீபா விடவில்லை. “எல்லாரும் ஒண்ணுபோலன்னா அப்புறம் காது எதுக்கு, தாடி எதுக்கு? குள்ளருக்கும் எல்ஃபுக்கும் வித்தியாசம் இருந்தாத்தான் அண்ணாச்சி வெளையாட்டு” என்றாள். ரெண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. நீங்க என்ன சொல்லப் போறீங்க என்று காத்திருந்தேன். நீங்க பிஸ்கட் தின்றீங்க.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதம். கோட்டைக்குள்ளே கிழட்டு ராஜா எல்ஃபைப் பார்த்து, ரெண்டு வருசம் இங்கேயே இருந்து காவல் பார்ப்பியா என்று கேட்டார். நீங்க, “ரெண்டு வருசந்தான, எனக்கு எழுநூறு இருக்கு, இருந்துட்டு வாரேன்” என்றீங்க. அறையே சிரித்தது. அன்று காலையில்தான் என்னிடம், கம்பெனியில் இன்னும் ரெண்டு வருசத்துக்கு அக்ரிமெண்ட் கேட்கிறார்கள், இந்த மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போடணும் என்று சொல்லியிருந்தீங்க. அப்பவும் இதே குரலில்தான் ரெண்டு வருசந்தான என்றீங்க. லைன் கட் ஆனதும் சாரலில் டவர் போயிட்டுன்னு நினைச்சிருப்பீங்க. டவர் நல்லாத்தான் இருந்துச்சு.

எல்ஃப் ஒரு நல்ல தூக்கம் போட்டு எழுந்தால் மனுசிக்கு நரை வந்துவிடும் என்று அதீபா சொல்லுகிறாள். எனக்கு இந்த வருசம் கண்ணாடி போட்டாச்சு. உங்ககிட்ட சொல்லல. வீடியோவில் வரும்போது கழட்டி வைத்துவிடுவேன், அதனால் உங்க முகம் மங்கலாகத்தான் தெரியும். மாடி கட்டி முடியட்டும் என்றீங்க, முடிஞ்சது. சஃப்ரின் காலேஜ் சேரட்டும் என்றீங்க, சேர்ந்தாச்சு. இப்போ அவள் படிப்பு முடியட்டும் என்கிறீங்க. இந்த வீட்டில் எல்லாமே முடிந்துகொண்டு வருது, நான் உட்பட.

விளையாட்டைப் பற்றி என் தீர்ப்பையும் எழுதி வைக்கிறேன். உடம்போடு வருவதை இனத்துக்குக் கொடுங்க. இருட்டில் கண் தெரிவது, தண்ணிக்குள்ளே மூச்சு விடுவது, எத்தனை வருசம் இருப்பான் என்பது, இதெல்லாம் பிறப்பு, அதில் எனக்குச் சண்டை இல்லை. பேச்சும் துணிச்சலும் புத்தியும் பிறப்பில் வராது. அதெல்லாம் இருந்த இடமும் பட்ட பாடும் கொடுக்கணும். இங்கே இருந்தவரை உங்களுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது, இன்றைக்கு எட்டுப் பேருக்குச் சோறாக்கி ஆணம் காய்ச்சுறீங்க. எந்த இனம் கொடுத்துச்சு அதை? அப்போ எனக்குத் தனியா பஸ் ஏறப் பயம். இன்றைக்கு ஸ்கூட்டியில் செங்கோட்டை வரைக்கும் போய் வாரேன். நீங்க இல்லாததுதான் எனக்கு அதைக் கொடுத்துச்சு. அவ்வளவு திறமையையும் திருப்பிக் கொடுத்துட்டு உங்களை வாங்கிக்கலாம்னு ஒரு கட்டை இருந்தா, இப்பவே உருட்டிருவேன். காத்திருக்கிறதுக்கு ஏதும் மார்க் உண்டா என்று அதீபாவிடம் கேட்டேன். புத்தகம் பூராவும் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று எந்த இனத்துக்கும் இல்லை மாமி என்றாள்.

அதனால் நேற்று ஒரு முடிவு எடுத்தேன். இனத்தை ஒரே ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாமாம். என்னையும் எல்ஃபாகப் போடு என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு மாதிரி முழித்தாள், நல்லா யோசிச்சீங்களா மாமி என்று கேட்டாள், போட்டுவிட்டாள். ஆக, மச்சான், நானும் இனி எழுநூறு வருசத்துக்காரி. ரெண்டு வருசம் எனக்கும் பெரிசில்லை. நீங்க தாராளமாகக் கையெழுத்துப் போடுங்க. நான் ஒண்ணும் கேட்கவில்லை, அழவும் இல்லை, இந்தத் தாளில் ஈரம் இருந்தால் அது சாரல்.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அய்யாக்குட்டி அண்ணாச்சிக்கு என் ஸலாமும், விஷம் ஏறாது என்று கண்டதையும் தின்ன வேண்டாம் என்பதையும் சொல்லவும். எங்கே இருந்தாலும் இறைவன் தங்களைப் பத்திரமாக வைத்திருப்பானாக, ஆமீன்.

இப்படிக்கு,
தங்கள் சுல்தான் பீவி (எல்ஃப்)

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் மனசில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கவரை ஒட்டும் நேரத்தில் அதீபா வந்தாள். கடைசிப் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். கதை நடத்துகிறவள் ஒருத்தர் ரகசியத்தை இன்னொருத்தரிடம் சொல்லக் கூடாதாம், அதனால் நேற்று வாயைத் திறக்கவில்லையாம். போன வெள்ளிக்கிழமை லைன் கட் ஆன கையோடு நீங்க அவளைக் கூப்பிட்டு, என்னை மனுசனா மாத்திரு என்றீங்களாமே. இருட்டில் கண், மயக்குகிற பேச்சு, எழுநூறு வருசம் எல்லாம் போயிரும் மாமா, திரும்ப மாத்த முடியாது என்று அவள் சொன்னதற்கு, “போவட்டும்மா. உன் மாமி ஆயுசு எவ்வளவோ அவ்வளவு போதும் எனக்கு” என்றீங்களாமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போ நான் எல்ஃப், நீங்க மனுசன். ரெண்டு பேருக்கும் இருந்த ஒரு தடவை முடிஞ்சு போச்சு. பெலிக்ஸ் வாசலில் ஹாரன் அடிக்கிறான், கிழிச்சுட்டு வேற எழுத நேரமில்லை. எனக்கு எழுநூறு வருசம் கிடக்கு, நான் இருந்துக்குவேன். உங்களுக்குத்தான் நாள் இல்லை, மச்சான். கையெழுத்துப் போடாம வந்துருங்க.