பத்தொன்பதாவது மசோதா

ஒரு காட்டில் குளம் ஒன்றே ஒன்று, சட்டசபை ஒன்றே ஒன்று, முதலையும் ஒன்றே ஒன்று. குளத்தில் குடியிருப்பவரும் சபையில் முதல் நாற்காலியில் அமரும் அவை முன்னவரும் அந்த முதலையார்தான். இது சரியா என்று கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள். இப்போது இல்லை.

மான் உறுப்பினர்களில் ஒருத்தியான மருக்கொழுந்து ஒரு மசோதா எழுதி வைத்திருந்தாள். மான்கள் தண்ணீர் குடிக்கும்போது முதலை கரையேறிப் பாறைமேல் படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான், இரண்டே வரி. அந்தக் கூட்டத்தொடரில் அது இரண்டு முறை பட்டியலில் வந்தது. இரண்டு முறையும், அன்று விடியற்காலை தண்ணீர் குடிக்கப் போன மான் உறுப்பினர் ஒருவர் திரும்பி வரவில்லை. உறுப்பினர் காலமானால் இரங்கல் தீர்மானம் போட்டு, சபையை அன்றைக்கு ஒத்திவைப்பது மரபு. தீர்மானத்தின் மேல் முதலையார் பேசிய பேச்சில் கல்லும் கரைந்தது.

கடைசி நாள் வந்தது. இந்த முறை இரங்கலுக்கே இடம் கொடுக்கக் கூடாது என்று, முந்தின நாளிலிருந்தே அவள் ஒரு மானையும் குளத்துப் பக்கம் விடவில்லை. குட்டிகள் நாக்கு வறண்டு சபை வாசலில் கிடந்தன.

பட்டியலைப் பார்த்தவள் நேராகச் செயலாளர் முள்ளம்பன்றியிடம் போனாள்.

"பத்தொன்பதாவதா போட்டிருக்கீங்களே அண்ணே! இது உயிர் போற விஷயம்."

"தெரியும்மா. உயிர் போற விஷயமெல்லாம் மதியத்துக்கு மேலதான். காலையில அவசர மசோதா இருக்குல்ல."

"அப்படி என்ன அவசரம்?"

"குரங்குகளோட வாலுக்குத் தனி நாற்காலி. அப்புறம், மயிலுக்கு மறுபடியும் மயில்னே பேர் வைக்கிறது."

"மயிலுக்கு மயில்னு பேர் வைக்க மசோதாவா?"

"போன தொடர்ல மாத்திட்டோமே. நீயும்தான் கை தூக்கின."

சபை கூடியது. சபாநாயகர் யானையார் "ஆம் என்போர்?" என்பார், மேசைகள் தட்டப்படும், மசோதா நிறைவேறும். காது சொறிகிற நேரம்கூட ஆகவில்லை. வால் நாற்காலிக்கு மட்டும் குரங்குகள் ஆளுக்கொரு பேச்சு பேசி உச்சிப்பொழுது ஆக்கிவிட்டன.

அப்போது வாசலிலிருந்து மருக்கொழுந்தின் தங்கையும் சக உறுப்பினருமான செவ்வந்தி எட்டிப் பார்த்தாள்.

"இனிமே தாங்காதுக்கா. குட்டிங்களக் கூட்டிட்டுப் போறேன்."

"போகாதேடி!" என்பதற்குள் கூட்டம் கிளம்பிவிட்டது.

ஜன்னல் வழியே குளம் தெரிந்தது. மருக்கொழுந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மான்கள் தலை தாழ்த்தின. குடித்தன. குட்டிகள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கும்மாளம் போட்டன. அலறல் எதுவும் கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். முதலையார் முதல் நாற்காலியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

மான்கள் பரம்பரை பரம்பரையாக விடியற்காலையில் தண்ணீர் குடிப்பவை. சபை நடக்கும் நேரத்தில் குளம் காலி என்பது இத்தனை தலைமுறையில் ஒரு மானுக்கும் தோன்றியதில்லை.

"பத்தொன்பது" என்றார் யானையார்.

முதலையார் எழுந்தார். "இதை அரசு மனதார ஏற்கிறது. விவாதமே வேண்டாம். விதிகள் வகுத்ததும் சட்டம் அமலுக்கு வரும். அடுத்த மழைக்குள் வகுத்துவிடலாம். மீதி மசோதாக்களையும் இதோடு சேர்த்து நிறைவேற்றிவிட்டுக் கலையலாம். எனக்குப் பசிக்கிறது."

உறுப்பினர்கள் எழுந்துவிட்டார்கள். குளம் இருபது அடி தூரம். குட்டிகள் இன்னும் தண்ணீரில்தான் இருந்தன.

மருக்கொழுந்து துள்ளி எழுந்தாள். "தலைவர் அவர்களே! இந்த மசோதாவை நான் எதிர்க்கிறேன்."

யானையாரின் காதுகள் அசைவதை நிறுத்தின. "அம்மா, இது நீங்க கொண்டுவந்த மசோதா."

"அதனாலதான் இதோட லட்சணம் எனக்கு முழுசாத் தெரியும். பாறைன்னா எந்தப் பாறை? படுக்கிறதுன்னா குப்புறவா, மல்லாக்கவா? ஒவ்வொரு சொல்லா விவாதிக்கணும். அவை முன்னவர் கூடவே இருந்து பதில் சொல்லணும்."

"ரெண்டு வரிதானேம்மா?" என்றார் முதலையார்.

"முதல் வரியிலேருந்து ஆரம்பிக்கிறேன்."

முள்ளம்பன்றி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மசோதா கொண்டுவந்தவர் பேச்சுக்கு நேர வரம்பு இல்லை. அவர் முடிக்கும்வரை அவை முன்னவர் நாற்காலியை விட்டு எழக் கூடாது. முதலையார் மெல்ல உட்கார்ந்தார்.

அந்தக் கூட்டத்தொடர் இன்னும் முடியவில்லை. மருக்கொழுந்து பேசுகிறாள். தொண்டை வறண்டால் குளத்துக்குப் போய் நிதானமாகக் குடித்துவிட்டு வருகிறாள். அதுவரை செவ்வந்தி திருத்தங்களை வாசிக்கிறாள். இந்தக் கோடையில் ஒரு மான்கூடக் குறையவில்லை. மசோதா முதல் வரியில், மூன்றாவது சொல்லில் நிற்கிறது.

நீதி: உங்களைக் காப்பாற்றும் சட்டம் நிறைவேறிவிடாமல் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.