குருநகரில் மிதந்த தாங்கி

எனக்கு நீந்தத் தெரியாது. நான் புதைத்த மலக்கழிவுத் தாங்கிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பொறியியல் முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. குருநகரில் மாரி வந்தால் வெள்ளம் ஏறி, கக்கூஸ் குழியும் கிணறும் ஒன்றாகிவிடும். முன்பு மாதக்கணக்கில் பெய்த மழை இப்போது இரண்டு நாளில் கொட்டுகிறது. அதனால் கசியாத பிளாஸ்ரிக் தாங்கிகளைப் புதைக்கத் திட்டமிட்டோம். முதல் வீடு, மீன்பிடிக்கும் அந்தோனிப்பிள்ளையும் மனைவி றீற்றாவும் இருந்த வீடு.

"பழைய கக்கூஸை இப்பவே இடிச்சுவிடுங்கோ, அன்ரி," என்றேன் றீற்றாவிடம். (அவசரக்குடுக்கை என்று அம்மா என்னைச் சும்மா சொல்வதில்லை.)

குழிக்குள் இறக்கிய தாங்கியைச் சுற்றி அந்தோனிப்பிள்ளை ஒருமுறை நடந்தார்.

"பிள்ளை, வெறுந்தாங்கியெல்லோ. உதை இறுக்கிக் கட்ட வேண்டாமோ?"

"அங்கிள், இது வள்ளமில்லை," என்று சிரித்து, வரைபடத்தை நீட்டினேன். அவர் மரியாதைக்குப் பார்த்தார். (தலைகீழாகப் பிடித்திருந்தது நான்தான்.)

மண் மூடிய மறுநாளே மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை றீற்றா அழைத்தார்.

"பிள்ளை, உங்கடை சாமான் வெளியில வந்திட்டுது. ஒருக்கா வந்து பாருங்கோ."

முழங்கால் தண்ணீரில் போய்ச் சேர்ந்தேன். நிலத்தடி நீர் ஏறி, வெறுந்தாங்கியை மண்ணோடு கிளப்பியிருந்தது. குழாய்களை முறித்துக்கொண்டு அது முற்றத்தில் மிதந்தது. ஓடிவிடாமல் அந்தோனிப்பிள்ளை வள்ளக் கயிற்றால் முருங்கையில் கட்டியிருந்தார். அயல் முழுக்க மதிலில் தொங்கிச் சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அப்போதுதான் றீற்றாவைக் கண்டேன். குடையோடு பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டிக்கொண்டு நின்றார். பழைய கக்கூஸும் இல்லை, புதியதும் இல்லை. என் பேச்சை நம்பியதற்காக, அந்த வயதில், அவர் அயலாரிடம் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. தண்ணீரை விலக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

"அன்ரி, பிழை என்ரைதான்."

"ஓம்," என்றார். திரும்பவும் படலையைத் தட்டினார். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளம் வடிந்ததும், அந்தோனிப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வரைபடத்தை மாற்றினேன். அடியில் கொங்கிறீற் தட்டு, தாங்கியை அதோடு இறுக்கும் பட்டிகள், புதைத்த அன்றே உள்ளே தண்ணீர். அடுத்த மாரிக்குத் தாங்கி அசையவில்லை. றீற்றாவின் கிணற்றுத் தண்ணீரும் தெளிவாக இருந்தது. பிறகு நான் புதைத்தவை எல்லாம் அப்படித்தான்.

என் கலியாணத்துக்கு வந்த றீற்றா, மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டு முழுக்கதையும் சொல்லி, "தம்பி, உவ எதைப் புதைச்சாலும் மேல ஒரு கல்லு வையுங்கோ," என்றார்.

இன்றைக்கும் நான் பூங்கன்று நட்டால், என் கணவர் கல்லோடு வருகிறார்.