தேய்த்தவனும் பூசியவனும்

தரைக்கு மெருகு போடுகிறவனிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் அவன் முதலில் வீட்டுக்காரரைப் பார்க்க மாட்டான், தரையைத்தான் பார்ப்பான். "வாங்க, வாங்க" என்று அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். இவன் குனிந்து மொசைக்கில் விரலால் தடவிக்கொண்டிருப்பான். நானும் அந்த ரகம்தான். என் கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக மண்டபத்துக்குள் நுழைந்தபோதுகூட, 'இதை எவன் தேய்த்தான், ஓரத்தை இப்படி விட்டுவிட்டானே' என்றுதான் முதலில் தோன்றியது. அந்தத் திமிரால் அந்தக் கல்யாணமே நடக்காமல் போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

புதுச்சேரியில் முல்லா வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. அத்தா மொசைக் பாலிஷ் கான்ட்ராக்ட் எடுத்தவர். ஊரில் பாதி வீடுகளில் அவர் தேய்த்த தரையில்தான் குழந்தைகள் தவழ்ந்தன. இரண்டாயிரத்துக்குப் பிறகு டைல்ஸ் வந்து எங்கள் வயிற்றில் அடித்தது. டைல்ஸைத் தேய்க்க யார் வேண்டும்? பாலிஷ் மெஷின் வாசலில் கோணி போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தது. அத்தா அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். நான் பெருமூச்சு விடுகிற வயதில் இல்லை. எபாக்ஸி என்று ஒரு புதுச் சரக்கைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதுதான் இனி எதிர்காலம் என்று முடிவு கட்டிவிட்டேன். மருந்துக் கம்பெனிகளில் கான்கிரீட் தரைமேல் கண்ணாடி மாதிரி பச்சை நிறத்தில் பூசியிருப்பார்களே, அந்தப் பூச்சுதான். உடனே விசிட்டிங் கார்டு அடித்தேன். என் பெயர் ஜாபர், அதற்குக் கீழே 'தரை நிபுணர்'. (அதுவரை ஒரு தரைகூடப் பூசியதில்லை. நிபுணனுக்கு அதெல்லாம் எதுக்குங்க?)

அப்போதுதான் காதர் மாமா புது பேக்கரி கட்டிக்கொண்டிருந்தார். தூரத்துச் சொந்தம், எனக்கு மாமா முறை. அவர் கடை நீட்டு ரொட்டியை வாங்க வெள்ளைக்காரத் தெருவிலிருந்தும் ஆள் வரும், பன் வாங்க வைத்திக்குப்பத்துப் படகுக்காரர்களும் வருவார்கள். கல்லாவில் அவர் மகள் சபீனா உட்கார்ந்திருப்பாள். ரொட்டி சாப்பிட்டால் எனக்கு நெஞ்சு கரிக்கும். இருந்தும் தினமும் வாங்கினேன்.

அம்மா பெண் கேட்டுப் போனாள். மாமா "பாப்போம்" என்றார். எங்கள் பக்கம் "பாப்போம்" என்றால் பெரும்பாலும் "கிளம்பு" என்று அர்த்தம். துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிற ஒருவனின் பெரியப்பாவும் அதே வாரம் பெண் கேட்டு வந்து போயிருந்தார். அவருக்கு "பாப்போம்" சொல்லவில்லை, டீயும் கேக்கும் கொடுத்தார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் மாமாவே கூப்பிட்டு அனுப்பினார். புதுக் கட்டடத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"ஜாபரு, இந்தத் தரைக்கு மருந்துக் கம்பெனில போட்ட மாதிரி பச்சையா பூசணும். மாவு சிந்துனா தொடச்சா போயிடணும். உன்னால முடியுமா?"

"கண்ணாடி மாதிரி பண்ணித் தரேன் மாமா."

"திறப்பு விழாவுக்கு எல்லாச் சொந்தமும் வருது. அந்தத் துபாய்க்காரங்களும் வர்றாங்க. யாரு வேல எப்படின்னு எல்லாரும் பாக்கட்டும்."

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? தரை நன்றாக அமைந்தால் சபீனா எனக்கு. சொதப்பினால் துபாய்க்கு. எனக்குப் புரிந்துவிட்டது.

எபாக்ஸி விற்கிற பெயின்ட் கடைக்காரரிடம் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, கான்கிரீட் மேல படிஞ்சிருக்குற சிமென்ட் பால மட்டும் தேச்சு எடுத்துடு. அப்புறம் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு உட்டுடணும். தரைக்குப் பல்லு இருந்தாத்தான் பூச்சு கடிச்சுக்கும். பூசுன பின்னாடி ஒரு வாரம் ஆள் ஏறக் கூடாது." நான் தலையை நன்றாக ஆட்டினேன். தலை ஆட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

மெஷின் ஓட்டுவதற்கு ஏழுமலையைக் கூட்டிப்போனேன். வில்லியனூர்ப் பக்கத்துக்காரர், அத்தாவிடம் ரொம்ப நாளாக வேலை செய்தவர், எனக்கு அண்ணன் மாதிரி. மெஷினுக்கு அடியில் முதல் முரட்டுத் தேய்ப்புக் கல்லை மாட்டி ஓட்டினோம். சிமென்ட் பால் கழன்று, தரை முழுக்கச் சொரசொரவென்று வந்தது. பெயின்ட் கடைக்காரர் கேட்டது இதைத்தான். மெஷினை நிறுத்திவிட்டு இருவரும் பார்த்தோம்.

"இன்னா ஜாபரு," என்றார் ஏழுமலை, "இத்தோட உட்டுட்டுப் போறதா? நாய்கூட இதுல படுக்காதுப்பா."

"அப்படித்தாண்ணே உடணுமாம்."

"நாளைக்கு யாராச்சும் வந்து எட்டிப் பாத்தா? உங்க அத்தா பேரு இன்னாவுறது?"

அந்த இடத்தில்தான் எங்கள் குலப்பெருமை குறுக்கே வந்தது. வாழ்நாளெல்லாம் தரையை வழவழப்பாக்கியே பழகிய இரண்டு பேரிடம் போய், பாதியில் நிறுத்து என்றால் நடக்கிற காரியமா? கறி வேகும்போதே இறக்கி வை என்று சமையல்காரரிடம் சொன்ன கதைதான். "ஒரே ஒரு கல்லு" என்றேன். அடுத்த கல்லைப் போட்டோம். கருங்கல் ஜல்லி லேசாகக் கண் விழித்தது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார் ஏழுமலை. அதற்குப் பிறகு எங்களை நிறுத்த ஆள் இல்லை. நைஸ் கல், அதைவிட நைஸ் கல், கடைசியில் பாலிஷ் பவுடரைத் தூவிக் கோணித்துணி கட்டியும் தேய்த்தோம். ஜல்லி ஒவ்வொன்றும் புளியங்கொட்டை மாதிரி மின்னியது. என் வாழ்க்கையிலேயே நான் தேய்த்த மிகச் சிறந்த தரை அது. ஏழுமலைக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பெயின்ட் கடைக்காரர் பல் வேண்டும் என்றார். நாங்கள் பல்லைப் பிடுங்கி ஈறையும் வழித்துவிட்டோம்.

"பூச்சு நிக்குமா?" என்று ஏழுமலை மெதுவாகக் கேட்டார்.

"சொரசொர கன்னத்துல பவுடர் நிக்குமாண்ணே? ஷேவ் பண்ணாத்தான நிக்கும்?" என்றேன். (நிபுணர் பேசுகிறார், கவனிக்கவும்.)

அந்த அழகின் மேல் பச்சை எபாக்ஸியை ரோலர் வைத்துப் பூசினோம். பூசும்போது என் மனசே கொஞ்சம் வலித்தது. தேய்த்த ஆசையில் நாட்களை விட்டுவிட்டதால் ஒரு வாரமெல்லாம் காய வைக்க நேரமில்லை. திறப்பு விழாவன்று காலையில் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. சரி, காய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். வருகிறவர்கள் உட்காரப் பாய் விரித்ததும் ஏழுமலை உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்த வேகத்தில் பாயோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு ரொட்டி அடுப்பு வரை போய்விட்டார். பெரியவர்கள் எல்லாம் உட்காருவார்களே, இடுப்பு ஒடிந்தால் என்ன ஆவது? அப்போதும் மூளை எனக்குத்தான் வேலை செய்தது. கடைக்கு ஓடிப்போய் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை வாங்கி வந்து, ஒவ்வொரு பாய்க்கு அடியிலும் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, காலால் மிதித்து அழுத்தினேன். இனி பூகம்பம் வந்தாலும் பாய் நகராது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் ஒரு நிமிஷம் தயங்கினார்கள். "தண்ணி நிக்குதா?" என்று கேட்டார் ஒருவர். எனக்கு நெஞ்சு அரை அடி உயர்ந்தது. மாமாவின் சினேகிதர் அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. கீழே உட்கார முட்டி வராது என்று அவருக்கு மட்டும் நாற்காலி. தொப்பியைக் கழற்றித் தரையைப் பார்த்து "செ போ, செ போ!" என்றார். அழகு, அழகு என்று சொல்கிறாராம். துபாய்க்காரரின் பெரியப்பா கால் கட்டை விரலால் தரையை நிமிண்டிப் பார்த்தார். அவ்வளவுதான்.

துஆ ஓதி முடிந்தது. நெய்ச்சோறும் தால்ச்சாவும் முடிந்தது. மாமா நல்ல மனுஷர், வேலையை அடுத்தவரிடம் விட மாட்டார். "அடுத்த பந்திக்கு மேஜ போடணும், பாயைச் சுருட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அவரே குனிந்து நடுப்பாயின் நுனியைப் பிடித்துத் தூக்கினார்.

'சர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

"இன்னாப்பா இது, பாயி கனக்குது?" என்று இன்னும் பலமாக இழுத்தார்.

அந்துவான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "மொன் தியே! ஆண்டவனே! காதரு, உட்டுடு! தரை எழுந்து வருது!"

மாமா விடவில்லை. சுருட்டுகிற வேகத்தில் இரண்டடி சுருட்டிவிட்டிருந்தார். சிவப்புப் பாய்க்கு அடியில் பச்சைத் தோலாக என் எபாக்ஸி முழுசாக உரிந்து, பாயோடு சேர்ந்து சமர்த்தாகச் சுருண்டுகொண்டிருந்தது.

துபாய்க்காரரின் பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பையன் கெட்டிக்காரன்தான். தரைய மடிச்சு எடுத்துட்டுப் போற மாதிரி போட்டுருக்கான்" என்றார். சிரிப்பு அடுப்புச் சுவர் வரை போய் மோதியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏழுமலை தூணுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தார் (தூண் ஒல்லி, அவர் அப்படி இல்லை). கையில் பாய்ச் சுருளோடு மாமா என்னைப் பார்த்தார். சபீனா எனக்கு இல்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது.

பெண்கள் உட்கார்ந்திருந்த உள்ளறைக் கதவருகிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அத்தா, அதப் பாக்காதீங்க. கீழ பாருங்க."

சபீனாதான். அத்தனை பேரும் கீழே பார்த்தார்கள். பச்சைத் தோல் உரிந்த இடத்தில், நாங்கள் ஆசை ஆசையாகத் தேய்த்த கான்கிரீட் மின்னிக்கொண்டிருந்தது. டியூப் லைட் அப்படியே உள்ளே தெரிந்தது. மாமா குனிந்தார். அதில் அவர் முகம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கோணலாக இருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இதுவே நல்லாத்தான அத்தா இருக்குது? மிச்சத்தையும் உரிச்சுடுங்க" என்றாள் சபீனா.

சொல்லி வாய் மூடுவதற்குள் பிள்ளைகள் பாய்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெரியவர்களும். கையில் நெய் வாசனையோடு ஒரு சொந்தக்கூட்டமே மண்டியிட்டுத் தரையை உரிக்கிற காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்துவான்கூட முட்டி வலியை மறந்து ஒரு மூலையை உரித்தார். உரிய உரியத் தரை வெளியே வந்தது. என்ன சொல்லுங்கள், எனக்கு அந்த அவமானத்திலும் பெருமை தாங்கவில்லை. ஏழுமலை தூணை விட்டு முழுசாக வெளியே வந்து நின்றார்.

மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மேல பூசுனது யாரு?"

"நான்தான் மாமா."

"கீழ தேச்சது?"

"அதுவும் நான்தான் மாமா. ஏழுமலை அண்ணனும்."

மாமா தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "எம் பொண்ண தேச்சவனுக்குத் தரேன். பூசுனவன் இந்த வீட்டுப் பக்கமே வரக் கூடாது."

அந்தத் தரை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. தினமும் மாவு சிந்துகிறது, துடைத்தால் போய்விடுகிறது. இப்போது ஊரில் ஹோட்டல் வைக்கிறவர்கள் எல்லாம் கான்கிரீட்டையே மெருகு போட்டுக் கேட்கிறார்கள், அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மேலே ஒன்றும் பூசுவதில்லை. உரித்த பச்சைத் தோலில் ஒரு துண்டை என் மாமியார் சமையலறை அலமாரியில் விரித்து, அதன்மேல் ஊறுகாய் ஜாடி வைத்திருக்கிறார். நான் போகும்போதெல்லாம் ஜாடியைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பார், எனக்கு அது நன்றாகத் தெரிய வேண்டுமாம்.

மாமாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. பெருநாளுக்குக் குடும்பத்தோடு போய் வாசலில் நின்றால், செருப்புச் சத்தத்தைக் கேட்டு உள்ளிருந்தே குரல் கொடுப்பார்: "யாரு வந்துருக்கறது? தேச்சவனா, பூசுனவனா?"

வழக்கம்போல நான் முதலில் அவர் வீட்டுத் தரையைப் பார்ப்பேன். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "தேச்சவன்தான் மாமா" என்பேன்.

"நம்பாதீங்க அத்தா," என்பாள் பின்னால் வருகிற சபீனா. "காலைலதான் டேப் ஒட்டி மிக்ஸிய ரிப்பேர் பண்ணாரு. ஜார எடுத்தா மிக்ஸியே கூட வருது."