போய் வரலாமா?

ஏழு மலை தாண்ட வேண்டாம், ஏழு கடல் தாண்ட வேண்டாம். நெய்தலங்காடு என்ற அந்த நாடு, பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரத்தில்தான் இருந்தது. அங்கே ஒரு ராஜா இருந்தார். ராஜாவுக்கு மந்திரிகள் இருந்தார்கள். மந்திரிகளுக்கு மாலைகள் இருந்தன. மக்களுக்கு ஒரு கழகம் இருந்தது. கழகம் என்றால் கால்பந்துக் கழகம்; நீங்கள் பாட்டுக்கு வேறு எதையாவது நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கழகம் எண்பது வருஷமாக ஆடிவந்தது உப்பளத் திடலில். மழை பெய்தால் தெற்குக் கோல் பக்கம் கணுக்கால் வரை சேறு. கூரை ஒரு பக்கம்தான், அதிலும் பாதி ஓட்டை. ஆனாலும் வெளியூர் அணிகள் அங்கே வந்து ஆடப் பயப்படும். சனம் எல்லைக்கோட்டை ஒட்டித் தரையிலேயே உட்கார்ந்திருக்கும், பந்தை எடுக்க வருகிற எதிரணிக்காரனிடம், "ஏல, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? அவசரமா எங்க போற, இருந்து பேசிட்டுப் போ" என்று குசலம் விசாரிக்கும். அவன் சிரித்துத் தொலைத்துவிட்டால் அன்றைக்கு ஒரு கோல் நிச்சயம்.

வடக்குக் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து அவித்த கடலை விற்றவள் பிச்சம்மாள். அவள் மகன் கொம்பையாதான் கழகத்தின் கோல்கீப்பர். பதினோரு வருஷத்துக்கு முன்னால், பெரிய ராஜா காலத்தில், குடிதண்ணீர் கேட்டு ஊர்வலம் போனவர்களில் அவனும் ஒருவன். மறுநாள் பயிற்சியில் நின்றவனைக் காவற்படை வந்து கூப்பிட்டது. கையுறையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "போயிட்டு வாரேம்மா" என்றான். அந்த வாரத்தில் அப்படிப் போனவர்கள் பதினேழு பேர். எந்தக் காவல் கூடத்திலும் அவர்கள் பெயர் இல்லை. அரண்மனையில் போய்க் கேட்டதற்கு, வெளிநாடு போயிருப்பார்கள் என்றார்கள்.

"எந்த வெளிநாட்டுல எசமான் கையுறை இல்லாத கோல்கீப்பரக் கூப்பிடுதாக?" என்று பிச்சம்மாள் கேட்டாள்.

அதன்பின் அவள் அந்த இடத்தை விடவில்லை. ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடலைச் சட்டியோடு வந்துவிடுவாள். குடியிருந்த வீடு இடிந்து மூன்று வீடு மாறியாயிற்று; மகனுக்குத் தெரிந்த இடம் என்று உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். "இங்கன இருந்து போனவன் இங்கனதான வருவான்" என்பாள்.

பெரிய ராஜா காலமாகி அவர் மகன் பட்டத்துக்கு வந்தார். புது ராஜாவுக்குப் புது மைதானம் வேண்டாமா? ஊருக்கு வெளியே இருபது கல் தொலைவில், குன்றின்மேல் ஒரு மகா அரங்கம் எழும்பியது. கழகத்தை அங்கே கொண்டுபோவதா என்று மக்களையே கேட்டுவிடுவது என அரசவை தீர்மானித்தது. விளையாட்டு மந்திரி அம்பலத்தரசர் கெட்டிக்காரர். வாக்குச்சீட்டின் வாசகத்தைத் தம் கையாலேயே எழுதினார்.

இங்கே அந்த நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். "போகிறேன்" என்ற சொல் அங்கே யார் வாயிலும் வராது. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் "போய் வருகிறேன்"தான். திருட வந்தவன்கூட விடைபெறும்போது மனசுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வான் என்று ஒரு கேலி உண்டு. அப்படிச் சொல்லிக்கொண்டு வாசலில் நிற்பவரிடம் "வேண்டாம்" என்பது பெரிய அபசகுனம். போன காரியமும் விளங்காது, சொன்ன நாக்கும் விளங்காது.

வாக்குச்சீட்டில் அச்சாகியிருந்தது இதுதான்: "கழகம் புதிய அரங்கத்துக்குப் போய் வரலாமா?"

கூரையைச் சரிசெய்கிற வரைக்கும் அங்கே ஆடிவிட்டு வரப்போகிறார்கள் என்று சனம் நினைத்தது. அப்படி நினைக்காத இரண்டொருவருக்கும் "வேண்டாம்" என்ற கட்டத்தில் முத்திரை குத்தக் கை கூசியது. பிச்சம்மாளும் வரிசையில் நின்றாள். "பிள்ளைக போயிட்டு வரட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லியே குத்தினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் ஆம் என்றார்கள்.

மறுநாளே கோல் கம்பங்களைப் பிடுங்கி வண்டியில் ஏற்றினார்கள். எப்போது திரும்பி வரும் என்று கேட்ட மக்களுக்கு அம்பலத்தரசர் மேடையேறி விளக்கம் தந்தார்.

"அன்பார்ந்த குடிகளே! நம் மொழியில் 'வருதல்' என்பது மங்கல வழக்கு. அதற்குப் பொருள் தேடுவது மொழிக்கே இழுக்கு. போய் வருகிறேன் என்று சொல்லிப் போனவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்களா என்ன?"

கூட்டத்தில் பதினேழு வீட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த உதாரணத்தை விட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

பிறகு ஆணைகள் வந்தன. மகா அரங்கத்தில் தரையில் உட்காரக் கூடாது. எதிரணியிடம் குசலம் விசாரிக்கக் கூடாது. குன்றின்மேல் புல் வளரவில்லை என்பதால் உப்பளத் தெருவின் குடிநீர்க் குழாய் குன்றுக்குத் திருப்பப்பட்டது. புல் பச்சையாக இருப்பதே குடிகளின் தாகம் தணிந்ததற்கு அடையாளம் என்று அரசிதழ் எழுதியது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு கல் நடந்தார்கள். ஆட்டம் பார்க்க இருபது கல் நடக்க யாருக்கும் காலில் வலு மிச்சமில்லை. காலி இருக்கைகளைப் பார்த்து ராஜா முகம் சுளித்தார். உடனே, அன்றன்று நூறு பேர் முறைவைத்து வந்து மகிழ வேண்டும் என்று ஆணையாயிற்று. வராதவர்கள் வராததற்கும், வந்தவர்கள் மகிழாததற்கும் காரணம் எழுதிக் கொடுத்தார்கள். கழகமோ ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றது.

கடைசியாக, சும்மா கிடக்கிற உப்பளத் திடலில் வணிகக் கோபுரம் கட்டப்படும் என்று முரசறைந்தார்கள்.

பிச்சம்மாள் ஒரு மனு எழுதுவித்தாள். "என் மகன் இங்கிருந்துதான் போனான். வந்தால் அவனுக்கு அடையாளம் தெரிய வேண்டும். இந்த மண்ணைத் தோண்டாதீர்கள். ஒரு பிடிகூட எடுக்காதீர்கள்." அதை எடுத்துக்கொண்டு மந்திரி மாளிகைக்குப் போனாள்.

அம்பலத்தரசர் மனுவை வாசித்து நெகிழ்ந்தார். "அம்மையே, தங்கள் துயரம் அரசின் துயரம். ஆனால் வளர்ச்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா?"

"எம் புள்ள வந்து நின்னா எங்கன போயித் தேடுவான் எசமான்?"

"கோபுரத்தின் வாசலில் விசாரணைக் கவுண்டர் வைக்கிறோம். கேட்டால் சொல்வார்கள்."

பொக்லைன் வந்த அன்று அவள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். நாலு காவலர்கள் அலுங்காமல் தூக்கி ஓரமாக வைத்தார்கள். ஓட்டுநர் சுடலைமுத்து அதே தெருக்காரன். அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான். வடக்குக் கோல் நின்ற இடத்தில் முதல் வாளி மண் அள்ளினான், இரண்டாவது அள்ளினான். மூன்றாவது வாளியை மேலே தூக்கியவன் அப்படியே நிறுத்தினான். இறங்கி வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தான். காலில் கிடந்த செருப்பைக் கழற்றித் தூரப் போட்டான்.

"ஏல, என்னல அங்க?" என்று கேட்டார்கள்.

"ஆளுக கெடக்காக" என்றான். "கைய பின்னால கட்டி."

அப்போதுதான் ஊருக்கு ஞாபகம் வந்தது. பதினேழு பேரும் போன அந்த வருஷம், புதுப் புல் நடுகிறோம் என்று காவற்படை திடலை ஒரு மாதம் பூட்டி வைத்திருந்தது; பிச்சம்மாளைக்கூட உள்ளே விடவில்லை. புல்லும் நன்றாகத்தான் வந்தது.

பிச்சம்மாள் எழுந்து ஓடுவதற்குள் காவலர்கள் வளைத்துக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் குழி மூடப்பட்டது. எத்தனை பேர், யார் யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலேயே ஆணை வந்துவிட்டது. அந்த நாட்டில் எந்தக் காரியமும் அத்தனை சுறுசுறுப்பாக நடந்தது கிடையாது. உப்பளத் திடல் நாட்டின் புனிதச் சின்னம், கோபுரம் கைவிடப்பட்டது, கழகம் தாய்மண்ணுக்கே திரும்புகிறது, இனி அந்த மண்ணில் ஒரு பிடியேனும் கிளறுகிறவர் ராஜத் துரோகி. குழாயும் தெருவுக்கே திருப்பப்பட்டது.

"போய் வரலாமா என்று கேட்டோம். போனோம், இதோ வந்துவிட்டோம்!" என்று அம்பலத்தரசர் கண்ணீர் மல்க முழங்கினார். "அரசின் வாக்கு பொய்த்ததுண்டா?"

தெருவே வெடி போட்டது. தண்ணீர் வந்துவிட்டது, திடல் வந்துவிட்டது. ஆடிப்போயிருந்த சனத்துக்கு இதற்கு மேல் கேட்கப் பயமாக இருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சுடலைமுத்து மட்டும் ஊரை விட்டுப் போய்விட்டான்.

பிச்சம்மாள் மறுபடியும் மாளிகை வாசலில் போய் நின்றாள்.

"தோண்டுங்க எசமான். எம் புள்ள இருக்கானா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லிருங்க. நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அம்பலத்தரசர் பழைய மனுவை எடுத்து அவள்முன் விரித்தார். "தோண்டாதீர்கள், ஒரு பிடிகூட எடுக்காதீர்கள். தங்கள் வாசகம்தானே அம்மையே? அதைத்தான் ஓர் எழுத்து மாற்றாமல் சட்டமாக்கியிருக்கிறோம். சட்டத்துக்குத் தங்கள் பெயரையே வைத்திருக்கிறார் மகாராஜா."

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சட்டத் தாளில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். தொட்டுக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

திடல் திரும்பிய பிறகு நடந்த முதல் ஆட்டத்துக்கு நாடே திரண்டது. ராஜா வந்து பந்தை உதைத்துத் தொடங்கிவைத்தார். மழை பெய்திருந்தது, பையன்கள் வடக்குக் கோலை நோக்கிச் சேறு தெறிக்கப் பாய்ந்தார்கள். கழகம் முதல் கோலைப் போட்டதும் பத்தாயிரம் பேர் ஒன்றாக எழுந்து குதித்தார்கள். நிலம் அதிர்ந்தது.

அந்தக் கூச்சலுக்குள் பிச்சம்மாள் இரண்டு கையையும் விரித்துக் கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள், கிழவி இத்தனை நாளுக்குப் பிறகு ஆட்டத்தில் இறங்கிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை.

"மெல்ல ஓடுங்கய்யா... பாத்து, மெல்ல மிதிங்கய்யா."