ஓசிப் பேச்சு

பூட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சாயங்காலத்தில் இரண்டு மணி நேரமாவது தன் வீட்டில் அமைதி நிலவ வேண்டும். அதற்காக எந்தத் தியாகத்துக்கும் அவர் தயார். மனைவியையே தியாகம் செய்யவும் தயார்.

அப்படி என்ன கொடுமை என்கிறீர்களா? தெருமுனையில் அலமாரி அளவுக்கு ஒரு கடை. அதற்குள் பகலெல்லாம் குனிந்து அரத்தால் சாவி ராவிக்கொண்டிருப்பார். பொழுது சாய வீடு வந்தால், செருப்பைக் கழற்றுமுன் மனைவி ஆரம்பித்துவிடுவாள். குழாயில் தண்ணீர் வராதது, மாடிப்படியில் யாரோ வழுக்கியது, கனவில் செத்துப்போன அத்தை வந்தது, வந்த அத்தை ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் போனது. தெருவில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். ரேடியோவையாவது திருகி நிறுத்தலாம். ஒரே மகனும் வேலை கிடைத்துத் தூரத்து ஊருக்குப் போய்விட்ட பிறகு, நிகழ்ச்சி முழுவதும் ஒரே நேயருக்குத்தான். 'ம்' கொட்டியே மனுஷருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டியவரால் இந்த ஒரு வாய்க்கு மாட்ட முடியவில்லை.

அப்போதுதான் சமுதாயக்கூடத்துச் சுவரில் அந்த அறிவிப்பைப் பார்த்தார். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இலவசத் தொழில்முனைவோர் பயிற்சி, தினமும் மாலையில் இரண்டு மணி நேரம், டீ பிஸ்கட்டுடன். குறைந்த வருமானம் என்கிற தகுதி ஒன்று மட்டும் அவர் வீட்டில் குறைவில்லாமல் இருந்தது.

"உன் திறமையெல்லாம் வீட்டுக்குள்ள வீணாப் போகுதே!" என்றார் அன்றைக்கே.

"எனக்கா? என்னங்க திறமை?"

"அதை அவங்க கண்டுபிடிச்சுச் சொல்வாங்க. நீ போ."

"நீங்க தனியா இருப்பீங்களே?"

"உன் முன்னேற்றத்துக்காக அதைக்கூடத் தாங்கிக்க மாட்டேனா?"

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் போனாள்.

அவள் படியிறங்கியதும் பூட்டுக்காரர் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் ஓடினார். "தம்பி, ரெண்டு மணி நேரத்துக்கு ஆளை வெளியே தள்ளிட்டேன். எப்படி நம்ம மூளை?" என்று மார்தட்டிவிட்டு, மேலே வந்து காலை நீட்டிப் படுத்தார். ஆஹா, சொர்க்கம்!

சொர்க்கம் சில நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு மின்விசிறி கிறீச்சிடுவது காதில் விழ ஆரம்பித்தது. இத்தனை வருஷமாக அது கிறீச்சிட்டதே அவருக்குத் தெரியாது.

ஒருநாள் வகுப்பிலிருந்து வந்தவள் சொன்னாள். "தொழில் முடிவாயிடுச்சுங்க. பேச்சுத்துணை. தனியா இருக்கிறவங்ககிட்டப் போய் ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வர்றது. காசுக்கு."

பூட்டுக்காரருக்குக் குடித்த டீ மூக்கில் ஏறிவிட்டது. "காசு கொடுத்து உன் பேச்சைக் கேக்கவா? நான் காசு கொடுத்து நிறுத்தச் சொல்லலாம்னு இருந்தேன்!"

அவள் பதிலே சொல்லவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து வீட்டில் தந்தி பாஷைதான். "சாப்பாடு." "தண்ணி." "விளக்கு."

"ஏன் இப்படி உம்முனு இருக்க?"

"கடைச் சரக்கை வீட்டுக்காரங்க ஓசியில எடுத்தா தொழில் படுத்துடும்னு பயிற்சி அம்மா சொன்னாங்க. ஒருத்தி கடை வச்சாளாம். புருஷன் போகும்போது ஒரு பிஸ்கட், வரும்போது ஒரு பிஸ்கட்னு எடுத்தே கடையை மூட வச்சுட்டானாம்."

"நான் பிஸ்கட்டா கேட்டேன்? குழாயில தண்ணி வந்துதான்னுதானே கேட்டேன்!"

"அதுவும் சரக்குதான்."

மாட்டிக்கொண்டார் மனுஷர். கடையில் வருகிறவர்கள் சாவியை நீட்டுவார்கள், போனைப் பார்ப்பார்கள், புதுச் சாவியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். பகல் முழுக்கத் தான் விலையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கதி. சும்மா உட்கார்ந்திருக்கும்போது பழக்கதோஷத்தில் 'ம்' என்பார். எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். மகன் போன் செய்தால், "நல்லா இருக்கீங்களாப்பா? அம்மாகிட்டக் கொடுங்க" என்பான். அவள் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுவாள். உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்கும். ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவர் அந்தக் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நிற்பார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

தையல்காரரிடம் போய்க் கொட்டினார். அவர் வாயிலிருந்த நூலைக் கடித்துத் துப்பினார். "இவ்வளவுதானா அண்ணே? நீங்களே வாடிக்கையாளரா வந்துடுங்க. தனியா இருக்கிற ஒரு சார்னு நான் அண்ணிகிட்டச் சொல்லி வைக்கிறேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் கடை சும்மாதானே கிடக்கு?"

"தம்பி, மூளைக்காரன்யா நீ!"

ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் பூட்டுக்காரர். பெண் பார்க்கப் போன அன்றுகூட இவ்வளவு வியர்க்கவில்லை. அவள் வந்தாள். அவரைப் பார்த்துத் திடுக்கிடுவாள் என்று நினைத்தார். அவளோ கும்பிட்டாள்.

"வணக்கம் சார். காசு முதல்ல கொடுத்துடணும்."

"சாரா? நான் உன் புருஷன்டி!"

"அதெல்லாம் வீட்டுல சார்."

கொடுத்தார். "சரி, ஆரம்பி. குழாயிலேர்ந்து ஆரம்பி."

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. என் வேலை பேசுறது இல்ல, கேக்கிறது. பேசுறதுக்கு ஊர் பூரா ஆள் இருக்கு. கேக்கத்தான் ஆள் கிடைக்கிறதில்லை. நீங்க பேசுங்க சார்."

பூட்டுக்காரர் விழித்தார். காசு போய்விட்டது, பேசாமல் எழுந்து போனால் நஷ்டம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

"கடைக்கு ஒரு பெரியவர் வாராவாரம் வர்றார். சாவி தொலைஞ்சு போச்சு, வேற போட்டுக் கொடுங்கன்னு. தொலையவே இல்லை. சட்டைப் பையில சாவியோட கனம் தெரியுது. நானும் கேக்கிறதில்லை. சாவி ராவுற நேரம்வரைக்கும் பக்கத்துல நின்னுட்டுப் போறார்."

"ம்," என்றாள். அது அவர் கொட்டுகிற 'ம்' இல்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டு, மேலே சொல்லுங்கள் என்கிற 'ம்'.

"பையன் போனதுலேர்ந்து வீடு பெருசாப் போச்சு. கூப்பிட்டா உன்கிட்டத்தான் பேசுறான். எனக்கு அவன்கிட்ட என்ன பேசுறதுன்னே தெரியலை. இப்ப நீயும்... ஃபேன் மட்டும்தான் என்கிட்டப் பேசுது." சட்டைப் பொத்தானைத் திருகினார். "ஆமா, உன் பேச்சை யாரு கேக்கிறா?"

"நானா சார்? ரொம்ப வருஷமா ஒரு சுவர்கிட்டப் பேசிட்டிருந்தேன். நல்ல சுவர்தான். அப்பப்ப 'ம்'னு சொல்லும்."

அதற்குமேல் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒரு மணி நேரம் முடிந்ததும் இருவரும் ஒன்றாகப் படியேறினார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தாளோ இல்லையோ, ரேடியோ தானாகவே பாட ஆரம்பித்தது. குழாய், மாடிப்படி, கனவில் அத்தை இரண்டாம் முறை வந்து காபி கேட்டது. பூட்டுக்காரர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கேட்டார். "அப்புறம்?" என்றுகூடக் கேட்டார். மின்விசிறி கிறீச்சிட்டதா என்றே தெரியவில்லை. திடீரென்று அவருக்குப் பொறி தட்டியது.

"நில்லு! நீ விக்கிறது கேக்கிறதைத்தானே? அப்போ பேச்சு கடைச் சரக்கே இல்லையே. இத்தனை நாள் அதை ஏன் நிறுத்தின?"

"சும்மா கிடைக்கிறதுக்கு மதிப்பு இருக்காது, கொஞ்ச நாள் தட்டுப்பாடு வந்தாத்தான் ஆள் தேடி வரும்னு முதல் வகுப்பிலேயே சொல்லிட்டாங்க."

"அப்போ அந்தத் தையல்காரன்?"

"அவர் என் ஏஜெண்ட். ஆள் பிடிச்சுக் கொடுத்தா கமிஷன் உண்டு," என்றபடி, அவர் கழற்றிய சலவைச் சட்டையை வாங்கி மாட்டக் கை நீட்டினாள். "என்னை ரெண்டு மணி நேரம் வெளியே தள்ளிட்டேன்னு அவர்கிட்ட மார்தட்டினீங்களாமே, அந்தக் கதையை அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்லுங்க சார். காசு மட்டும் முதல்லயே கொடுத்துடுங்க."