நடுங்காத படம்

உடல் அசைவுக் கோளாறு உள்ளவர்கள் ஆஸ்பத்திரிவரை அலைய வேண்டியிருக்கிறதே என்று அரசாங்கம் நெடுநாள் கவலைப்பட்டது. கவலை முற்றியதும், அவரவர் வீட்டிலிருந்தே கைப்பேசியில் டாக்டருக்கு முகம் காட்டலாம் என்று ஆணை பிறந்தது. நல்ல ஆணைதான். கை நடுங்கும் மனிதரை இரண்டு பஸ் மாறி வரச் சொல்வது பாவம்.

எங்கள் தெரு சலூன்காரருக்கு நடுக்குவாதம். மாத்திரை வேளா வேளைக்கு உள்ளே போனால் கத்தி சொன்னபடி கேட்கும். போகாவிட்டால், நாற்காலியில் இருப்பவர் பாதி முகச் சோப்போடு எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அந்தக் குடும்பத்துக்கு அந்தக் கடையை விட்டால் வேறு கதி கிடையாது.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு டாக்டர்களிடமிருந்து மேலிடத்துக்கு ஒரு புகார் போனது: நோயாளிகளின் படம் ஆடுகிறது, பார்த்துப் பார்த்துத் தலை சுற்றுகிறது. மேலிடம் உயர்மட்டக் குழு அமைத்தது. படம் ஆடுவது தொழில்நுட்பக் குறைபாடே என்று குழு ஏகமனதாகக் கண்டுபிடித்தது. ஒருவேளை நோயாளி ஆடுகிறாரோ என்று ஓர் உறுப்பினர் கேட்டாராம். அது குழுவின் வரம்புக்குள் வராது என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள். இப்போதுதான் ஊரில் வீடியோ எடுக்கிற எல்லாரும் படம் ஆடாமலிருக்க ஏதோ மென்பொருள் போட்டுக்கொள்கிறார்களே, அதில் உயர்ந்த ரகமாகப் பார்த்து வாங்கி, 'நடுங்காத் திரைத் திட்டம்' எனப் பெயர் சூட்டி, ரிப்பன் வெட்டித் தொடங்கிவைத்தார்கள்.

அடுத்த முறை சலூன்காரர் கைகளை நீட்டிக் காட்டினார். திரையில் இரண்டு கையும் சிலைபோல் நின்றன.

"பிரமாதம்! மாத்திரையைப் பாதியாக் குறைச்சிடலாம்" என்றார் டாக்டர்.

"ஐயோ டாக்டர், இங்க கை உதறுதே!" என்றாள் மனைவி.

"பதட்டப்படாதீங்கம்மா. எனக்குத் தெளிவாத் தெரியுது."

பாதி மாத்திரையில் நடுக்கம் இரட்டிப்பானது. மென்பொருளும் சளைக்காமல் இரட்டிப்பாக உழைத்தது. அதற்கடுத்த முறை டாக்டர் மாத்திரையை அடியோடு நிறுத்தினார். குணமடைந்தோர் விகிதம் எகிறியது. ஒருவரையும் தொடாமலே இத்தனை பேரைக் குணப்படுத்தியதற்காகத் திட்டத்தின் இயக்குநருக்குக் கேடயம் கொடுத்தார்கள். வெளியூரிலிருக்கும் மகன் டாக்டர் பார்க்கிற அதே செயலியில் அப்பாவைப் பார்த்துவிட்டு, "அப்பா நல்லாத்தானே இருக்காரு, எதுக்கும்மா அழற?" என்று கேட்டு, போட்டிருந்த லீவை ரத்து செய்தான்.

சலூனுக்குப் பூட்டு விழுந்தது. அந்தப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன பயன், அடுத்த தெரு சலூனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

கடைசியில் அந்த அம்மாள் கணவரைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போய்விட்டாள்.

"நேர்ல பாக்கறதை நிறுத்தியாச்சும்மா. அந்தத் திரை முன்னாடி உட்காருங்க" என்றார் எழுத்தர். திரை டாக்டர் அறையின் வாசலிலேயே இருந்தது; எதிரே உட்காருபவரின் படம் அதிலும் தெரிந்தது. கதவும் திறந்துதான் இருந்தது.

"டாக்டர், ஒரே ஒரு தடவை எட்டிப் பாருங்க! வாசல்லதான் இருக்கோம்."

டாக்டர் எட்டிப் பார்த்தார். சலூன்காரரோடு சேர்ந்து பெஞ்சும் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். அப்புறம் தன் திரைக்குத் திரும்பினார். போன உயிர் திரும்பி வந்தது.

"நேர்ல படம் சரியா வரலைம்மா. திரையில பாருங்க, என்ன தெளிவு!"

"படமா? இது என் புருஷன், டாக்டர்! மாத்திரையைக் குடுங்க, கையெடுத்துக் கும்பிடறேன்."

"குணமானவருக்கு மாத்திரை குடுத்தா தணிக்கையில என்னைக் கேப்பாங்கம்மா."

அவள் நடைவழியில் காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். அத்தனை பேரும் அதே வியாதிக்காரர்கள். இந்த அவஸ்தை அவர்களைவிட யாருக்குப் புரியப்போகிறது?

"நீங்களே நியாயம் சொல்லுங்க! இவரு கை நடுங்குதா, இல்லையா?"

எல்லாரும் எழுந்தார்கள். சுவரைப் பிடித்தும் ஒருவரையொருவர் பிடித்தும் தள்ளாடியபடி வந்தார்கள். பெஞ்சில் உதறிக்கொண்டிருந்த சலூன்காரரைத் தாண்டிப்போய்த் திரையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெரியவர் குனிந்து வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"எங்கம்மா நடுங்குது? நல்லாத்தானே இருக்காரு" என்றார், நடுங்கும் விரலால் திரையைத் தொட்டுக் காட்டி. "குடுத்து வெச்ச மனுஷன்."