வேணாம் அண்ணன் மாட்டிய ஏசி

எதற்கெடுத்தாலும் 'வேணாம்' என்று சொல்கிற ஒரு மனிதர், என் வீட்டில் மட்டும் ஏன் 'சரி, மாட்டலாம்' என்றார்? ஒரு வருடமாக யோசிக்கிறேன். இன்னும் விடை கிடைக்கவில்லை.

ஆம்பூரில் ஏசி மாட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். ஏசி மாட்டாமல் இருப்பதையே தொழிலாக வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய நிஜப் பெயர், வேலை கொடுத்த ஏசிக் கடைக்காரருக்கே சட்டென்று நினைவுக்கு வராது. எங்கள் தெருவில் அவர் 'வேணாம் அண்ணன்'. புது ஏசியோடு வண்டியில் வந்து இறங்குவார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார். பெட்டியைப் பிரிக்காமலே திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு, ஏசி வரவேண்டிய சுவரோரம் டேபிள் ஃபேனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், காத்து எங்க படுது? மூஞ்சிலயா, முட்டிலயா?" என்று விசாரணை நடத்தினார்.

"முட்டில."

"அப்ப கட்டிலத் திருப்புங்க. முட்டி புடிச்சிக்கும்."

கட்டிலைத் திருப்பினால் பீரோ திறக்கவில்லை. பீரோவை நகர்த்தினால் கதவு திறக்கவில்லை. "அப்ப வேணாம் சார்" என்று ஃபேனை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார். "இத்தன வருஷ சர்வீஸ்ல என்னைப் படுக்க வெச்சி யாரும் கேள்வி கேட்டதில்ல" என்று சார் பல நாள் புலம்பினார்.

இன்னொரு வீட்டில் எர்த் குழியைத் தேடிக்கொண்டு போனவர், அதன் மேலேயே துவைக்கிற கல்லைப் போட்டு சிமென்ட் பூசியிருப்பதைக் கண்டுபிடித்தார். "ஷாக் அடிச்சா இந்தக் கல்லுலயே போட்டு துவைச்சிக் காயப்போட்டுடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு அந்த ஏசியையும் திருப்பி எடுத்துப் போனார்.

அப்படிப்பட்டவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

ஊரின் ஓரத்தில் மனை வாங்கி, வீடு கட்டிக் குடிவந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பின்னால் ஒரு காலி நிலம், ஒரு கால்வாய், அதற்கு அப்பால் தோல் பதனிடும் ஒரு டேனரி. என் மகனுக்கு அப்போது பத்து மாதம். ஏசி வாங்க முடிவெடுத்ததே அவனுடைய வெள்ளி அரைஞாணைப் பார்த்துத்தான். வெள்ளிக்கிழமை பல்பொடி போட்டுத் தேய்த்துக் கட்டுவேன். புதன்கிழமைக்குள் கறுத்துவிடும்.

"புள்ளைக்கு உடம்பு சூடு ஜாஸ்தி. அர்ணாக்கொடியப் பாரு, கரிக்கட்டை மாதிரி கீது" என்றார் என் மாமியார். நானும் நம்பினேன். உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தேன். ஏசிக்காகக் கைக்குழந்தையோடு மூன்று கடை ஏறி இறங்கினேன். நான் வேதியியல் படித்தவள். இந்த ஒரு தகவலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது நினைவில் இல்லாமல் போனதுதான் பிரச்சினை.

வேணாம் அண்ணன் பகல் இரண்டு மணிக்கு வந்தார். மாடிப் படுக்கையறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அரை மணி நேரம் ஆயிற்று.

"இன்னாடி, மெக்கானிக்கு தூங்கறாரா?" என்று வாசலிலிருந்து மாமியார் கிசுகிசுத்தார்.

"ரூம் எவ்ளோ சூடாவுதுன்னு பாக்கறார் அத்தை."

"கொறட்டை வுட்டுக்கினேவா பாப்பாங்க?"

அது குறட்டை இல்லை, அவருடைய நெஞ்சு போட்ட சத்தம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கண்ணைத் திறந்தவர், "இது ரூம் இல்லம்மா, தோசைக்கல்லு" என்றார். "மொதல்ல மொட்டை மாடிக்கு வெள்ளை அடிங்க. இல்லன்னா எவ்ளோ பெரிய மெஷினு போட்டாலும் அதுக்கு மூச்சு வாங்கும். மெயின் போர்டுல இருந்து தனி லைன் இழுக்கணும். தண்ணி போற பைப்பு சரிவா இருக்கணும். வெளிய மாட்ற மெஷினு, ஒரு ஆளு நின்னு கழுவற மாதிரி எடத்துல இருக்கணும். நீங்க சொல்ற பின்பக்கச் சுவத்துல காக்காதான் நின்னு கழுவும்."

ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் என் கணவருக்குப் பொறுமை கம்மி. "அண்ணே, அதைப் பின்பக்கச் சுவத்துல மாட்டிட்டா வீட்டோட முன்பக்கம் பாக்க லட்சணமா இருக்கும்ல?" என்றார்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகளை எடுத்தார். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஒன்றை முன் ஜன்னலுக்கு வெளியேயும் இன்னொன்றைப் பின் ஜன்னலுக்கு வெளியேயும் கட்டித் தொங்கவிட்டார். "பதினஞ்சு நாள் கழிச்சி வர்றேன்."

"பதினஞ்சு நாளா? அதுக்குள்ள புள்ள வெந்துடுவான் அண்ணே."

"தினமும் காலையில என்ன கலர்னு பாத்து எழுதி வைம்மா. படிச்ச பொண்ணுதானே?"

எழுதி வைத்தேன். ஐந்தாம் நாள், பின்பக்கம் காப்பிப் பொடி நிறம். பத்தாம் நாள், கறுப்பு. முன்பக்கம் கொஞ்சம் மங்கியிருந்தாலும் சிவப்புதான்.

சொன்ன நாளில் வந்தார். பின்பக்கக் கம்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இங்க வேணாம்மா" என்றார். "டேனரிப் பக்கத்துக் காத்து செம்பத் தின்னுடும். மெஷினுக்குள்ள இருக்கற பைப்பு ஓட்டை வுழுந்து, சீக்கிரமே கேஸ் எல்லாம் போயிடும்."

அந்த நேரத்தில் என் மகன் தவழ்ந்து போய் அவர் காலைப் பிடித்தான். தூக்கினார். சட்டை மேலே ஏறி, அரைஞாண் தெரிந்தது. அவர் கம்பியை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கறுப்பு.

"இது எப்ப இருந்தும்மா இப்படி?"

"அது… உடம்பு சூடு அண்ணே."

"சூடு இல்லம்மா. காத்து."

கந்தக வாயு பட்டால் வெள்ளியும் செம்பும் கறுக்கும்; நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய பாடம் அது. அவர் மெதுவாகச் சொன்னார்: "இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நான் இருவது வருஷம் டேனரில தோல் ஊற வெக்கற ட்ரம்மு ஓட்டுனேன். வீடும் அங்கயே பக்கத்துல. கல்யாணமான புதுசுலயே என் பொண்டாட்டி கொலுசு கறுத்துப்போச்சு. அவளும் சூட்டு உடம்புன்னு மோரா குடிச்சித் தள்ளுனா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏசி போட்டா இந்தக் காத்து உள்ள வராதில்ல?"

"ஏசி வெளிக்காத்தயும் கொண்டாராது, இருக்கற காத்த சுத்தமும் பண்ணாது. உள்ள இருக்கறதயே சுத்த வுட்டுக் குளிர வெக்கும், அவ்ளோதான். ஜன்னல மூடுனா வெளிய இருந்து வர்றது கொஞ்சம் கம்மியாவும். அதுக்குன்னு நாள் பூரா மூடியே வெக்கவும் கூடாது."

"அப்ப வீட்டையே மாத்திடட்டுமா அண்ணே?"

அவர் புதுத் தரையைப் பார்த்தார். ஜன்னல் வழியே, கேட்டில் நாங்கள் பதித்திருந்த மகனுடைய பெயரைப் பார்த்தார். 'வேணாம்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. "சரி, முன்பக்கம் மாட்டலாம்மா" என்றார்.

மாட்டினார். தண்ணீர்க் குழாயில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிச் சரிவு பார்த்தார். குளிர்காற்று தொட்டிலில் படுகிறதா என்று தன் கன்னத்தைத் தொட்டில் விளிம்பில் வைத்துப் பார்த்தார். அதன் பிறகு மாதம் ஒருமுறை யாரும் கூப்பிடாமலே வந்து, முன் ஜன்னலில் பழைய கம்பியைக் கழற்றிப் புதுக்கம்பி கட்டிவிட்டுப் போனார். அதற்குள் கடைக்காரர் அவரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். "நான் ஏசி விக்கறனா, இல்ல ஏசிக்கு ஊர் சுத்திக் காட்டறனா?" என்று கேட்டாராம்.

மூன்று மாதமாக அவர் வரவில்லை. போன வாரம் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். ஜோலார்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார்களாம்.

"பேசுனா மூச்சு வாங்குது கண்ணு, அதான் போன குடுக்கறதில்ல. இரு, இன்னாவோ கேக்கறாரு… கம்பி இன்னா கலர்ல கீதுன்னு கேக்கறாரு."

தலையைத் திருப்பி முன் ஜன்னலைப் பார்த்தேன். அவர் கடைசியாகக் கட்டிவிட்டுப் போன கம்பி. முன்பக்கமும் கறுத்திருந்தது.

"செவப்பாவே இருக்குன்னு சொல்லுங்க அக்கா" என்றேன்.

அக்கா அதைச் சொன்னதும், அவர் நீளமாக மூச்சு விடுவது போனில் கேட்டது.

மகனுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. இருமல் வருகிறது, மருந்து கொடுத்தால் போகிறது, மறுபடி வருகிறது. "ஊர்ல எல்லாரும் இருக்காங்கல்ல?" என்கிறார் கணவர். டேனரிக் காற்று எட்டாத தூரத்தில், சத்துவாச்சாரியில் ஒரு வாடகை வீட்டை நான் மட்டும் போய்ப் பார்த்து வைத்திருக்கிறேன். போவதா, இருப்பதா? இதே குழப்பத்தைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

அதற்கு முன் அவசரமாக ஒன்று தெரிய வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க ஜோலார்பேட்டைக்குப் போகிறேன். வாசலில் கால் வைத்ததும் கம்பியைத்தான் கேட்பார். எதைக் கொண்டுபோகட்டும், ஜன்னலில் இருப்பதை அப்படியேவா, இல்லை உப்புத்தாளால் தேய்த்துவிட்டா?